46 பயணங்கள், நான்கு வண்டிகள்: ஒரு வீட்டுக்கு இரண்டாவது கார் தேர்ந்தெடுத்த நிகழ்வு

பயன்படுத்திய கார்களைச் சோதித்துப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று சொல்வது என் வேலை. பெரும்பாலும் வண்டியை முடிவு செய்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். இந்தக் குடும்பம் அதற்கு ஒரு மாதம் முன்பே கூப்பிட்டது. அதனால் முதல் பேச்சிலிருந்து ஓராண்டு ஓட்டம் வரை முழுவதையும் அருகிலிருந்து பார்க்க முடிந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயரும் ஊரும் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

கணவன், மனைவி, பதினொரு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கணவரின் தாயார் என ஐந்து பேர். வீட்டில் ஏற்கெனவே ஏழு இருக்கைகள் கொண்ட பெரிய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. கணவரின் அலுவலகம் 42 கி.மீ. தொலைவில் இருப்பதால் அந்தக் கார் காலையில் போனால் இரவில்தான் திரும்பும். மனைவி மருத்துவமனைச் செவிலியர். 2024-இன் தொடக்கத்தில் அவருக்குச் சுழற்சி முறைப் பணி வந்தது. இரவுப் பணி முடிந்து அதிகாலையில் வீடு திரும்ப வழியில்லாமல், சக ஊழியர்களிடம் கேட்டுக் கேட்டு வர வேண்டியிருந்தது. பாட்டிக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். வாரம் இருமுறை இயன்முறை சிகிச்சைக்குப் போக வேண்டும்.

என்னிடம் வந்தபோது கணவர் மனத்தில் பாதி முடிவு செய்திருந்தார். "சின்ன டீசல் வண்டியாகப் பார்த்துவிடலாம். மைலேஜ் நன்றாகக் கொடுக்கும், பழசு என்றால் விலையும் குறைவு" என்றார். மனைவி அதிகம் பேசவில்லை. புறப்படும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "எந்த வண்டியாக இருந்தாலும் விடியற்காலை நான்கு மணிக்கு என்னை நடுவழியில் நிறுத்திவிடக் கூடாது, அண்ணா."

என் சோதனைப் பட்டியலின் தலைப்பில் அன்றே அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டேன்.

பதினான்கு நாள் குறிப்பேடு

வண்டி பார்க்கப் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வைக்கச் சொன்னேன். பெரிய கார் வீட்டில் இல்லாத நேரத்தில் யாரெல்லாம் எங்கே போக வேண்டியிருந்தது, எத்தனை கி.மீ., எத்தனை பேர் என்று எழுத வேண்டும். பெரிய கார் திரும்பிய பிறகு அதை எடுத்துக்கொண்டு கடைக்கும் வகுப்புக்கும் போன சிறு பயணங்களையும் சேர்க்கச் சொன்னேன். இருவருமே சோம்பல்படாமல் எழுதினார்கள். போக முடியாமல் விட்டுப்போன பயணங்களுக்கு மனைவி ஒரு நட்சத்திரக் குறி போட்டிருந்தார். பாட்டியின் சிகிச்சைக்கு எதிரே மட்டும் அப்படி இரண்டு நட்சத்திரங்கள்.

கூட்டிப் பார்த்தபோது 14 நாளில் 46 பயணங்கள், மொத்தம் 294 கி.மீ. அவற்றில் 38 பயணங்கள் 7 கி.மீ.க்கும் குறைந்தவை. ஆக நீண்டது 31 கி.மீ. நான்கு பேர் சேர்ந்து போனது ஐந்தே முறை. ஒரு நாளைக்கு 21 கி.மீ. என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,700 கி.மீ. வருகிறது.

இந்த எண்கள் மைலேஜைப் பற்றிய பேச்சையே மாற்றிவிட்டன. கணவர் பார்த்துவைத்திருந்த டீசல் வண்டிக்கு லிட்டருக்கு 24 கி.மீ. என்று விளம்பரம். அதே அளவுள்ள பெட்ரோல் வண்டிக்கு 20 கி.மீ. கேட்கும்போது பெரிய இடைவெளியாகத்தான் தோன்றும். 7,700 கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 321 லிட்டர், மற்றதற்கு 385 லிட்டர். ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் 64 லிட்டர்தான். லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும் வண்டியிலிருந்து 16 கி.மீ. கொடுப்பதற்கு மாறினால் மிச்சம் 160 லிட்டர். இரண்டு இடத்திலும் கூடியது அதே நான்கு கி.மீ.தான். மைலேஜ் ஏற்கெனவே நன்றாக இருக்கும் வண்டிகளுக்குள் இன்னும் சிறந்ததைத் தேடி அலைந்தால் கிடைக்கும் ஆதாயம் சிறுத்துக்கொண்டே போகும். இதை நான் வாயால் சொல்லியிருந்தால் கணவர் நம்பியிருக்க மாட்டார். கால்குலேட்டரை அவர் கையில் கொடுத்து அவரையே போடச் சொன்னேன்.

விளம்பர எண்ணுக்கும் இந்த வீட்டுப் பயணத்துக்கும் இன்னொரு தூரமும் இருந்தது. மைலேஜை அளக்க இப்போது பரவலாகப் பயன்படும் டபிள்யூ.எல்.டி.பி. ஆய்வகச் சோதனை 30 நிமிடம் நடக்கிறது, வண்டி சுமார் 23 கி.மீ. ஓடுகிறது. அதில் என்ஜின் சூடாகிச் சீராக ஓடும் நேரமே அதிகம். ஐந்து கி.மீ. பயணத்தில் என்ஜின் சூடாவதற்குள் போகும் இடம் வந்துவிடும். குளிர்ந்த என்ஜின் கூடுதல் எரிபொருள் குடிக்கும். புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கியும் சுமார் 300 டிகிரி வெப்பம் வரும் வரை சரியாக வேலை செய்யாது. ஆகவே எந்த வண்டி வாங்கினாலும் விளம்பர எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். இது என் அனுபவக் கணக்கு.

தொகையைப் பிரித்த விதம்

வைத்திருந்த தொகை முழுவதையும் வண்டி விலையாகக் கொடுக்கக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை. ஐந்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி, முதல் ஓராண்டின் பழுதுபார்ப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். கையிலிருக்கும் கடைசிக் காசு வரை விலைக்குப் போய்விட்டால் தேய்ந்த டயரோடு ஓட்ட வேண்டியிருக்கும். அந்த ஓட்டத்தில் பிள்ளைகளும் இருப்பார்கள்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை. அந்தப் பங்கையும் சேர்த்தால் இரண்டு வயது இளைய வண்டி கிடைக்குமே என்றார். வாதம் நியாயமானதுதான். ஆனாலும் மனைவி உறுதியாக நின்றதால் தொகை பிரிந்தது.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை என்று மூன்றை எழுதிக்கொண்டோம். வண்டி சறுக்கும்போது தானாகத் திருத்தும் நிலைப்புக் கட்டுப்பாடு வேண்டும். பிள்ளையின் இருக்கையைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் வேண்டும். பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும். மூன்றாவதற்கு அளவு கண்டுபிடித்தவர் மனைவி. பாட்டி சிரமமில்லாமல் எழுந்திருக்கும் கட்டிலின் உயரத்தை அளந்து, 54 செ.மீ. என்று குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு வந்தார். இத்தனை ஆண்டில் இருக்கை உயரத்தை அளந்து வந்த வாடிக்கையாளர் இவர் ஒருவர்தான்.

பார்த்த வண்டிகள்

முதலாவது கணவர் விரும்பிய டீசல். வயது ஒன்பது, ஓட்டம் 1,48,000 கி.மீ. உடம்பில் கீறல் இல்லை, உள்ளே மணக்க மணக்கத் துடைத்து வைத்திருந்தார்கள். ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். அதிகபட்சக் கோட்டுக்கு மேலே ஒரு நகக்கண் அளவு ஏறியிருந்தது. விரலில் தொட்டால் பிசுபிசுப்பு குறைவு, முகர்ந்தால் டீசல் வாடை. கணவரையும் முகரச் சொன்னேன்.

ஆயில் தானாகப் பெருகாது. டீசல் வண்டியின் புகை வடிகட்டியில் கரித்துகள் சேரும். அதை எரித்துத் தள்ள 600 டிகிரி அளவுக்கு வெப்பம் தேவைப்படுகிறது. அதற்காக என்ஜின் கொஞ்சம் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். ஒரே வேகத்தில் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஓடினால் வேலை முடிந்துவிடும். நடுவில் அணைத்துவிட்டால் பாதியில் நிற்கும். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி ஆயிலோடு கலக்கும். இந்த வண்டியை முன்பு வைத்திருந்தவரும் சிறு தூரத்துக்கே ஓட்டியிருக்க வேண்டும். குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். 46 பயணங்களில் இருபது நிமிடம் சீராக ஓடக்கூடியவை மூன்றே மூன்று. அந்த வடிகட்டியை மாற்ற நேர்ந்தால், ஆண்டுக்கு 64 லிட்டர் மிச்சம் பல ஆண்டுகள் சேர்ந்தாலும் ஈடாகாது. நெடுந்தூரம் ஓடும் ஒருவருக்கு நான் டீசலைப் பரிந்துரைப்பேன். இந்த வீட்டுக்கு அது பொருந்தாது. கணவர் ஒன்றும் சொல்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது, எட்டு வயதான, 19,000 கி.மீ. மட்டுமே ஓடிய மூன்று கதவு வண்டி. குறைந்த ஓட்டம் எல்லோர் கண்ணையும் இழுத்தது. டயரின் பக்கவாட்டில் 1416 என்ற எண் இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். நான்கும் அப்படியே. மேல்தடம் புதிது போல இருந்தாலும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடின. என்ஜின் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குத் தயாரிப்பாளர் கி.மீ. கணக்கோடு ஆண்டுக் கணக்கும் கொடுத்திருந்தார். கி.மீ.க்கு இன்னும் வெகுதூரம் இருந்தது, ஆண்டு கடந்துவிட்டது. இவை எல்லாம் மாற்றக்கூடியவையே. மாற்ற முடியாதது இருக்கை உயரம்: 46 செ.மீ. பின்னிருக்கையில் பிள்ளையை உட்கார வைக்க ஒவ்வொரு முறையும் முன்னிருக்கையில் இருக்கும் பாட்டி இறங்க வேண்டும். பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

மூன்றாவது தானியங்கி கியர் கொண்ட பெட்ரோல் வண்டி, ஒரு வியாபாரியிடம் இருந்தது. மனைவிக்கு அதை ஓட்டிப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அன்று அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை.

வண்டியின் கணினியில் பதிவாகும் பழுதுகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினேன். பிழைக் குறியீடு ஒன்றுமில்லை. ஆனால் குறியீடுகள் அழிக்கப்பட்ட பிறகு ஓடிய தூரம் 9 கி.மீ. என்று காட்டியது. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வரிசையில் வினையூக்கியும் ஆக்சிஜன் சென்சாரும் இன்னும் முடியவில்லை என்று நின்றன. பேட்டரி மாற்றியதால் அப்படி இருக்கும் என்றார் விற்பவர். அது நடக்கக்கூடியதே. பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் இந்தப் பதிவுகள் அழிந்துவிடும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பேட்டரி முனையில் வெண்பச்சையாகப் பூத்த பொடி கலையாமல் இருந்தது. அந்த நட்டை அண்மையில் யாரும் தொடவில்லை. என்ன எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எதை மறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு இந்தக் குடும்பம் பணம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெளிவாக இருந்தது. வெளியே வந்து மனைவியிடம், விடியற்காலை நான்கு மணியைப் பற்றி அவர் சொன்னதை நினைவூட்டினேன்.

இடையில் மின்சாரக் காரையும் பேசினோம். குறுகிய தூரம், அடிக்கடி ஓட்டம், வீடு திரும்பி இரவெல்லாம் நிற்பது என எல்லாமே மின்சார வண்டிக்குப் பொருத்தம். வீட்டுச் செருகி ஒன்றில் 2.3 கிலோவாட் கிடைத்தால் எட்டு மணி நேரத்தில் 18 யூனிட் ஏறும். நாளொன்றுக்கு 21 கி.மீ. ஓடும் வீட்டுக்கு அது பல நாள் ஓட்டம். ஆனால் அவர்கள் குடியிருப்பது அடுக்குமாடியில், வாடகைக்கு. வண்டி நிறுத்தும் இடத்தில் மின்செருகி கிடையாது, போட்டுக்கொள்ள அனுமதியும் கிடைக்கவில்லை. இரவுப் பணி முடிந்து வருகிறவரைப் பொதுச் சார்ஜரில் காத்திருக்கச் சொல்ல முடியாது. செருகி இருந்திருந்தால் என் பரிந்துரை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்காவது வண்டி உயரமான கூரையுள்ள ஐந்து கதவு பெட்ரோல் கார். டர்போ இல்லாத 1.2 லிட்டர் என்ஜின், கைக் கியர், வயது ஏழு, ஓட்டம் 61,000 கி.மீ., ஒரே உரிமையாளர். நாங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். போனதும் பானெட்டில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. குளிர்ந்த என்ஜின் கிளம்பும் முதல் சில நொடிகளில் வரும் சத்தம் எனக்கு அரை மணி நேர ஓட்டத்தைவிட அதிகம் சொல்லும். டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் அப்போதுதான் கலகலக்கும். இதில் அந்தச் சத்தம் இல்லை.

சர்வீஸ் ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஆண்டு வரிசையாக இருந்தன. அவற்றில் எழுதியிருந்த கி.மீ. எண்கள் ஒழுங்காக ஏறிவந்து டாஷ்போர்டு காட்டியதோடு பொருந்தின. கிளட்ச் மிதியின் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் 61,000-க்கு உரிய அளவே தேய்ந்திருந்தன. ஸ்கேனரில் குறியீடு அழிந்து 14,000 கி.மீ.க்கு மேல் ஆகியிருந்தது, சோதனைகள் எல்லாம் முடிந்திருந்தன. முன் டயர் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்ததைக் காட்டினேன். அவற்றின் விலையை உரிமையாளர் மறுக்காமல் குறைத்துக்கொண்டார்.

இருக்கை உயரம் 56 செ.மீ. பாட்டி முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினார். எழும்போது கதவுத்தூணில் கை வைத்தார், வேறு எதையும் பிடிக்கவில்லை. "இதில் நானே ஏறிக்கொள்வேன்" என்று மருமகளிடம் சொன்னார். கொண்டுபோயிருந்த குழந்தை இருக்கையைப் பின்னால் பூட்டிப் பார்த்தோம். முன்னிருக்கையை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

கியர் வண்டி என்பதில் மனைவிக்குத் தயக்கம் இருந்தது. பத்து நாள் பயிற்சி வகுப்புக்குப் போவதாக அவரே முடிவு செய்தார். காப்பீட்டுக் கட்டணத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துக் கணக்கில் சேர்த்திருந்தோம்.

வாங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே என்ஜின் ஆயில், பிரேக் திரவம், முன் டயர்கள், சக்கரச் சீரமைப்பு ஆகியவை ஒதுக்கிய தொகையில் முடிந்தன. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது என்பது தரவரையறை. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்குகிறது. வாங்கிய வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீது இல்லாவிட்டால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன். குறுகிய ஓட்டத்தைப் பல தயாரிப்பாளர்களின் கையேடுகள் கடின உபயோகம் என்றே வகைப்படுத்துகின்றன. அதனால் ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்தோம்.

முதல் இரண்டு மாதம் மைலேஜ் ஏமாற்றம் தந்தது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் லிட்டருக்கு 13.8 கி.மீ. எதிர்பார்த்தது 16. புதிதாக ஓட்டுவதால் இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அது என் தவறு. மூன்றாவது மாதம் ஒருநாள் மனைவி தொலைபேசியில், "பின்பக்க இடது சக்கரத்தின் அருகே போனாலே அனல் அடிக்கிறது, அண்ணா" என்றார். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, விடுவித்த பிறகும் பிரேக்கை இலேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிளை மாற்றிய அடுத்த டேங்கில் 16.1 வந்தது. வாங்கும் அன்று 12 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியவன் நான். நான்கு சக்கரத்தின் அருகிலும் ஒரு நிமிடம் கை காட்டியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஐந்தாம் மாதம் பேட்டரி போனது. நடுவழியில் நிற்கவில்லை, வீட்டு வாசலில்தான். ஆனாலும் அன்று அவர் பணிக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனார். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் செலவாகும் மின்சாரத்தைச் சிறு ஓட்டங்கள் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. பேட்டரி ஏற்கெனவே முதுமையில் இருந்தது. ஓராண்டு முடிந்தபோது ஒதுக்கிய தொகையில் முக்கால் பங்கு செலவாகியிருந்தது.

நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று நான்காம் மாதம் தொடங்கியது. மனைவிக்கு விடுமுறையான நாட்களில் சின்ன வண்டி சும்மா நின்றது. ஒருநாள் கணவர் அதை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனார். போகவர 84 கி.மீ. நெடுஞ்சாலையில் அது லிட்டருக்கு 19 கி.மீ. கொடுத்தது. பெரிய கார் அதே சாலையில் கொடுப்பது 12. அன்றிலிருந்து மனைவியின் விடுமுறை நாட்களில் எல்லாம் அப்படியே போனார். முதல் ஆண்டில் 42 நாள், 3,528 கி.மீ. பெரிய காரில் போயிருந்தால் 294 லிட்டர், சின்னதில் 186 லிட்டர். மிச்சம் 108 லிட்டர். டீசல் வாங்கினால் கிடைக்கும் என்று முதலில் பேசிய 64 லிட்டரைவிட இது கூடுதல். ஆண்டு முடிவில் சின்ன வண்டியின் ஓட்டம் 11,200 கி.மீ.

பாட்டியின் சிகிச்சை ஒரு முறைகூடத் தவறவில்லை என்று மனைவி சொன்னார்.

இன்று திரும்பச் செய்வதானால்

குறிப்பேட்டின் வரம்பைக் குறுக்கியது நான்தான். பெரிய கார் அலுவலகம் போய்வருவதை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டிலுள்ள எல்லாப் பயணங்களையும் ஒரே பட்டியலில் எழுதியிருந்தால், சின்ன வண்டி யாருடைய வேலையையெல்லாம் செய்யக்கூடும் என்பது முதல் நாளே தெரிந்திருக்கும். இப்போது வருகிறவர்களிடம் அப்படித்தான் கேட்கிறேன்.

அதனால் வந்த இன்னொரு விடுபாடு, கணவரை ஓட்டுநர் இருக்கையில் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்காதது. அவர் ஆறடி உயரம். வண்டியின் ஸ்டீயரிங் மேலும் கீழும் நகரும், முன்னும் பின்னும் வராது. 42 கி.மீ. ஓட்டியதும் இடுப்பு வலிக்கிறது என்கிறார். முதுகுக்கு ஒரு சிறு திண்டு வாங்கி வைத்திருக்கிறார்கள், பாதி குணம். பாட்டிக்குக் கட்டிலை அளந்த அக்கறையோடு அவருக்கும் அளந்திருக்க வேண்டும்.

சோதனை ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுவதை இப்போது என் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டைக் கடந்த பேட்டரி என்றால், அடுத்தது அது என்று வாங்கும் அன்றே சொல்லிவிடுகிறேன்.

ஒதுக்கிய தொகையை அவர்கள் மாதந்தோறும் சேர்த்துப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சென்ற மாதம் கணவர் மறுபடி வந்தார். பெரிய காரை விற்றுவிட்டு வேறொரு நடுத்தர வண்டிக்குப் போகலாமா என்று கேட்டார். பதிலை நான் சொல்லவில்லை. வீட்டின் எல்லாப் பயணங்களையும் நான்கு வாரம் எழுதச் சொன்னேன். மூன்று வாரம் எழுதி முடித்திருக்கிறார்கள்.